தெரு அளத்தல்

எங்கள் ஊர்ப் பக்கத்திலே 'தெரு அளத்தல்' என்றொரு சொல்வழக்கு உண்டு. அலுவல் ஒன்றுமின்றி அங்குமிங்கும் நடந்து திரிகிறவனைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்லும் வசைமொழி அது. நில அளவையாளர் சங்கிலியும் கையுமாய்த் தெருவை அளந்தால் அவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும். வெறுங்காலால் அளக்கிறவனுக்குக் கிடைப்பது ஏச்சு ஒன்றே. பள்ளிக்கூடப் பருவந் தொடங்கி, எண்பதை எட்டிப் பிடிக்கும் இந்த வயதுவரைக்கும் அந்த ஏச்சை நான் வாங்கி வந்திருக்கிறேன். தந்தையார் ஏசினார்; பெரிய தந்தையார் ஏசினார்; கந்தோரிலே மேலதிகாரி ஏசினார்; கலியாணமான பின்பு அந்தப் பொறுப்பு முழுவதையும் என் மனைவி ஏற்றுக்கொண்டாள். இத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியவன் என்ற உரிமையோடு அக்கலையைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதப் புகுகிறேன்.

பிரயாணம் வேறு, தெரு அளத்தல் வேறு. பிரயாணிக்கு ஓர் ஊர் குறியாக இருக்கும். யாத்திரிகனுக்கு ஒரு கோயில் குறி. சுற்றுலாக்காரருக்கோ கையிலே ஒரு பட்டியல் உண்டு. அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாய்க் கண்டு, படம் பிடித்துக்கொண்டு, வாகனத்தில் ஏறிவிடுவார். தெரு அளப்பவனுக்கு இவை ஒன்றும் இல்லை. 'எங்கே போகிறீர்?' என்று கேட்டால் அவன் சொல்லக்கூடிய விடை 'சும்மா' என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு மேற்கொண்டு நடக்க முடிகின்றதா என்பதைக் கொண்டே ஒரு நகரம் நமக்கு உரியதா, அன்றா என்பதை அறிந்துகொள்ளலாம் என்பது என் துணிபு. இது நான் புத்தகத்திலே படித்ததன்று.

1965ஆம் ஆண்டில் நான் எழுதுவினைஞர் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்தேன். இரவுத் தபால் வண்டியில் வந்திறங்கிய என்னை அழைத்துப் போனவர் பெரியப்பா. புறக்கோட்டையிலே அவருக்குச் சுருட்டுக்கடை இருந்தது. அக்காலத்தில் தென்னிலங்கையிலே ஏறக்குறைய எல்லாப் பட்டினங்களிலும் ஒரு யாழ்ப்பாணத்தான் சுருட்டுக்கடை இருக்கும். கடையின் பின்னறையிலே சமையல். மேலே பலகைத் தட்டிலே படுக்கை. வருடத்தில் இரண்டொரு முறை ஊர்ப்பயணம். இப்படியே முப்பது வருடத்தைக் கழித்துவிட்டவர் அவர். ஆயினும் கொழும்பில் அவர் அறிந்த வழி ஒன்றேதான். கடையிலிருந்து பொரளை வரைக்கும் டிராம் வண்டி ஓடிய வழி அது. 1960இல் டிராம் நின்றுபோன பின்னரும் அவர் அந்த வழியை விட்டு இடமோ வலமோ திரும்பியவர் அல்லர். கடைக்கும் காலி முகத்திடலுக்கும் இடையிலே இரண்டு மைல் தூரங்கூட இல்லை. அங்கே போய்க் கடலைப் பார்த்ததுண்டோ என்று ஒருநாள் கேட்டேன். "கடல் எங்கடை ஊரிலை இல்லையே? உதைப் பாக்கவோ இஞ்சை வந்தனான்?" என்றார். நியாயமான விடைதான். அந்த மனிதர் கடலைப் பார்க்காமல் மிச்சம் பிடித்த காசிலேதான் நாங்கள் ஐந்து பிள்ளைகள் படித்தோம் என்பதையும் சொல்லவேண்டும்.

நான் அளந்த முதற்றெருக்கள் அவருடைய கடையைச் சுற்றியிருந்த தெருக்களே. புறக்கோட்டையை ஒல்லாந்தர் கட்டங்கட்டமாக வகுத்து வைத்துப் போனார்கள். முதலாங் குறுக்குத் தெரு, இரண்டாங் குறுக்குத் தெரு என்று ஐந்துவரை எண்ணி முடித்தால் பாதிப் புறக்கோட்டை முடிந்தது. எண்ணத் தெரிந்தவன் அங்கே வழி தவறமாட்டான். எண்ணத் தெரியாதவனும் தவறமாட்டான். மூக்கு இருந்தாற் போதும். நாலாங் குறுக்குத் தெருவை நெருங்குமுன்னமே செத்தல் மிளகாய் நெடி தும்மலை வரவழைத்துவிடும். அதனோடு வெங்காயமும் கருவாடும் மல்லியும் கலந்து வரும். கெபோஸ் ஒழுங்கையிலே மருந்துச் சரக்கு; வேரும் பட்டையும் கடுக்காயும் சாக்குச் சாக்காய்க் கட்டியிருக்கும் கடைகளின் முன்னால் நின்று மூச்சை இழுத்தாலே அரைவாசி நோய் போய்விடும் என்று பகிடியாகச் சொல்வார்கள். செட்டியார் தெருவுக்குத் திரும்பினாலோ இரண்டு கதிரேசன் கோயில்களின் கற்பூரமும் சாம்பிராணியும் முன்னே வரும். அவற்றுக்கு இருமருங்கிலும் நகைக்கடைகள்.

இரண்டாங் குறுக்குத் தெருவிலே சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி வரிந்த கோலத்தோடு நிற்கிறது. 1909இல் கட்டி முடிந்தது. கப்பல் துறைமுகத்தை அணுகும்போது மாலுமிகள் அதனையே அடையாளமாகக் கொண்டனர் என்பர். அங்கிருந்து சிறிது தூரம் மேட்டில் ஏறினால், 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயம். இன்னும் சற்றே நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். அங்கே சைவப் பெண்களும் மெழுகுதிரி ஏற்றுவதைக் காணலாம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்துப் பலர் மாண்டார்கள். அதன் பின்னரும் அவர்கள் மெழுகுதிரியோடு வரத்தான் செய்கிறார்கள். இவ்வளவும் அரை மணி நேர நடைக்குள் அடங்கும். பஸ்ஸிலே போகிறவனுக்கு இவை நான்கைந்து தரிப்பிடங்கள். நடக்கிறவனுக்கு ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்.

நடக்கிறவனுக்கு அங்கே ஆபத்தும் உண்டு என்பதை மறைக்கலாகாது. தலையிலும் தோளிலும் மூட்டை சுமந்து, கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவரும் தொழிலாளரைப் புறக்கோட்டையிலே 'நாட்டாமை' என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது பஞ்சாயத்துத் தலைவருக்குரிய பெயர். இங்கேயும் ஒரு வகையில் தலைமைதான். அவர் குரல் கொடுத்தால் முதலாளியும் விலகவேண்டும், மோட்டார்க் காரும் நிற்கவேண்டும். விலகாமல் நின்று வேடிக்கை பார்த்த என்னை ஒருநாள் ஒரு நாட்டாமை சீனி மூட்டையோடு இடித்துச் சாக்கடை ஓரத்திலே உட்கார்த்திவிட்டார். திரும்பிப் பார்த்து, "ஊருக்குப் புதுசோ தம்பி?" என்றார். கொழும்பு மாநகரம் எனக்குத் தந்த முதல் வரவேற்புரை அதுவே.

கால் நடக்க நடக்க ஒரு நகரத்தின் பெயர்கள் வாய்க்கு வந்து சேர்கின்றன. அரசாங்கப் படத்திலே எப்படி எழுதியிருந்தாலும் தமிழர் வாயிலே கொழும்புக்குத் தனியான ஒரு படம் உண்டு. கறுவாத்தோட்டம், வாழைத்தோட்டம், ஐந்துலாம்புச் சந்தி, முகத்துவாரம் என்று அதன் இடங்களை அடுக்கிக்கொண்டு போகலாம். கறுவாவும் இல்லை, வாழையும் இல்லை. பெயர் மாத்திரம் தோட்டமாகவே இருக்கிறது. பேரை வாவியின் ஓரத்திலுள்ள ஒரு பகுதிக்கு ஆங்கிலத்திலே நெடுங்காலமாக 'அடிமைத் தீவு' என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. ஒல்லாந்தர் காலத்து அடிமைகளை நினைவூட்டும் பெயர் அது. தமிழிலும் சிங்களத்திலும் அந்த இடம் கொம்பனித் தெருவே. அடிமை என்ற சொல்லை எங்கள் சனங்களின் நாக்கு ஏற்றுக்கொள்ளவில்லை போலும்.

காலி முகத்திடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இலங்கையிலே சும்மா நடப்பதற்கென்றே அரசாங்கம் ஒரு பாதை போட்ட இடம் அது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் அந்தக் கடலோர நடைபாதையைத் தொடங்கினார். 1859இல் அது முடிந்தது. அங்கே நாட்டிய கல்லிலே, கொழும்பு மாநகரின் பெண்மணிகளினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதனைப் பேணிக்கொள்ளுமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் 'பெண்மணிகள்' யாராக இருந்திருப்பர் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னேரக் குதிரை வண்டியிலே வந்திறங்கிய வெள்ளைக்காரச் சீமாட்டிகள்தாம். ஆயினும் கல்லிலே எழுதியது எழுதியதுதானே? 1970களிலே என் மனைவியை அங்கே கூட்டிப்போய் அந்தக் கல்லைப் படித்துக் காட்டினேன். "எனக்காகப் போட்டதெண்டால், நான் தனிய வந்து நடக்கலாமோ?" என்று கேட்டாள். பேச்சை மாற்றி இஸ்ஸோ வடை வாங்கிக் கொடுத்தேன்.

அதே திடலிலேதான் 1956ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் முதலானோர் புல்லிலே அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். கும்பல் வந்து அவர்களை அடித்தது. அதே திடலிலேதான் 2022இல் நாடு முழுவதிலுமிருந்து வந்த இளைஞர்கள் கூடாரம் அடித்துத் தங்கினர்; அவ்வாண்டு மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. ஒரே புல்தரை. காற்றாடி விடும் சிறுவர்களுக்கு இவை ஒன்றும் தெரியவேண்டியதில்லை; தெரிந்தால் குற்றமும் இல்லை.

வெளியூர்களையும் கொஞ்சம் அளந்திருக்கிறேன். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்பு தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கே ஓடிற்று. அந்தக் கப்பலிலே போய் மதுரையில் ஒரு வாரம் தங்கினேன். தெரு அளப்பவனுக்கென்றே சமைத்த நகரம் அது. கோயிலை நடுவே வைத்து, சுற்றிச் சுற்றி வீதிகள். அவற்றுக்கெல்லாம் மாதங்களின் பெயர். மதிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அதற்கப்பால் ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. எந்த வீதியில் நடந்தாலும், விடாமல் நடந்தால், புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். எங்கும் போகாமல் நடப்பதைப் புண்ணியமாக்கி வைத்த முன்னோர்களை எண்ணி வியந்தேன். என்னைத் திட்டியவர்கள் கோயில் வீதியை மூன்றுதரம் சுற்றும்போது தாங்களும் தெருவைத்தானே அளந்தார்கள்! கீழைக் கோபுரத்தின் எதிரே புதுமண்டபத்தில், அந்நாளில், நாயக்கர் காலத்துச் சிலைத் தூண்களின் நடுவே தையற்காரர்கள் இயந்திரம் மிதித்துக்கொண்டிருந்தார்கள். இரவு பதினொரு மணிக்கு மாசி வீதியில் இட்டலி தின்றுவிட்டு நடந்தபோதும் என்னை ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை.

இனி 1983ஆம் ஆண்டுக்கு வருகிறேன். ஜூலை 25ஆம் திகதி திங்கட்கிழமை கோட்டையிலே கந்தோரில் இருந்தேன். முற்பகலிலேயே புகை எழத் தொடங்கிவிட்டது. மனைவியும் ஏழு வயது மகளும் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்து மைல் தூரம். காலி வீதியிலே வாகனங்களை மறித்து, ஆட்களை இறக்கி, பேசச் சொல்லிக் கேட்கிறார்கள் என்ற செய்தி வந்தது. நான் காலி வீதியைத் தவிர்த்துக் கொம்பனித் தெரு வழியாக இறங்கி, அதன் கிழக்குப்புறத்து ஒழுங்கைகளுக்குள்ளாலே நடந்தேன். எந்த ஒழுங்கை மதிலில் முட்டி நிற்கும், எது மறு தெருவுக்கு வாய் திறக்கும், எந்த வளவின் பின்புறம் நடைவழி உண்டு என்பதெல்லாம் பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நடந்த கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை மணி நேர நடை நான்கு மணி நேரமாயிற்று. ஓரிடத்திலே, முன்பின் அறியாத ஒரு சிங்கள மூதாட்டி படலையைத் திறந்து, ஒரு சொல்லும் பேசாமல் தன் முற்றத்தினூடாக அடுத்த தெருவைக் கைகாட்டினாள். அந்தக் கையை இன்றும் வரைந்து காட்ட என்னால் முடியும்; முகம் நினைவில் இல்லை. வீடு எரிந்திருந்தது. மனைவியும் மகளும் அயலவர் வீட்டு மாடியில் இருந்தார்கள். பின்னர் மற்ற ஆயிரக்கணக்கானோரைப் போல அவர்களும் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். வேலையை விட வழியின்றி நான் கொழும்புக்குத் திரும்பினேன்.

அதற்குப் பின் வந்த இருபத்தைந்து வருடங்களில் எனக்குக் கால் இருந்தது, தெரு இல்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை; அதற்குப் பொலிஸ் பதிவு; சட்டைப் பையிலே அடையாள அட்டை, பதிவுத் துண்டு, கந்தோர்க் கடிதம் என மூன்று கடதாசிகள். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. 'எங்கே போகிறாய்? ஏன் போகிறாய்?' புறப்படும்போது 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்று எங்கள் ஊரிலே சொல்வார்கள். அங்கே அந்தச் சகுனம் நாளொன்றுக்கு நாலுதரம் நடந்தது. கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கவேண்டும்: மருந்து வாங்க, கோயிலுக்கு, கந்தோருக்கு. 'சும்மா' என்ற சொல்லை மட்டும் சொல்ல முடியாது. சொன்னால் அன்றிரவு வீடு திரும்புவது நிச்சயமில்லை. ஆகவே நான் தெரு அளப்பதை நிறுத்தினேன். பெரியப்பாவைப் போலவே ஒரே வழியில் போய், ஒரே வழியில் வந்தேன். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை, தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் 'காரணம்' என்ற அந்தச் சொல்லை எத்தனை பேர் மறந்திருப்பார்கள்?

யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் ரயிலில் போனது 2014இல். 1990இல் நின்றுபோன யாழ்தேவி அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து நானும் போனேன். ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் பட்டபோது பெட்டியில் இருந்த வயோதிபர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். இறங்கிய மறுநாளே தெரு அளக்கத் தொடங்கினேன். கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, மணிக்கூட்டுக் கோபுரம், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூல்நிலையம். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நான் மட்டும் வழி கேட்டேன், பழக்கதோஷத்தால்.

சோனகத் தெருப் பக்கம் போனபோது கால் தாமதித்தது. என் பள்ளிப்பருவத்திலே சட்டை தைக்கவும் பெருநாளுக்கு வட்டிலப்பம் தின்னவும் போன தெரு அது. 1990 அக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களை வெளியேற்றினார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே அக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனங்கள் முழுவதும் மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போகவேண்டியதாயிற்று. முதலாவதைப் பற்றி எங்கள் ஆட்கள் குறைவாகவே பேசுகிறோம். கூரையில்லாத ஒரு வீட்டின் முன்னே திரும்பி வந்த ஒரு பெரியவர் கதிரை போட்டிருந்தார். "ஆரைத் தேடுறியள்?" என்றார். ஒருவரையும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். "நானும் சும்மாதான் இருக்கிறன். இருங்கோ" என்று மற்றக் கதிரையைக் காட்டினார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் ஒரு தெருவிலே எனக்கு மறுபடியும் செல்லுபடியானது அன்றுதான்.

இப்பொழுது நானும் மனைவியும் மறுபடி வெள்ளவத்தையில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலே இருக்கும் மகளின் மகள் பல்கலைக்கழகப் படிப்புக்காக எங்களோடு வந்து தங்கியிருக்கிறாள். வந்த வாரமே மகள் தொலைபேசியில் கட்டளையிட்டாள்: "அப்பா, பிள்ளையை உங்களைப் போலத் தெரு அளக்கப் பழக்கிப் போடாதையுங்கோ. வகுப்பு முடிய நேரை வீட்டை வரச் சொல்லுங்கோ." நான் எதிர்த்துப் பேசவில்லை. ஏழு வயதிலே அயல் வீட்டு மாடி யன்னலால் தன் வீடு எரிவதைப் பார்த்தவள் அவள். ஒழுங்கைகளுக்குள்ளாலே நடந்து வந்த தகப்பனை அன்று பின்னேரம்வரை காத்திருந்தவளும் அவளே. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

ஆனால் பேத்திக்கும் என் கால்களே வாய்த்திருக்கின்றன. "அம்மப்பா, கொம்பனித் தெருவிலையிருந்து நடந்தே வரலாமாம், மெய்யோ?" என்று ஒருநாள் கேட்டாள். ஒரு தாளை எடுத்துக் கீறிக் காட்டினேன். எங்கே திரும்புவது, எந்த ஒழுங்கை முட்டும், பொழுது படுமுன் எந்தச் சந்திக்கு வந்துவிடவேண்டும், எந்தக் கடையிலே நின்று தண்ணீர் கேட்கலாம் என்று எல்லாம் குறித்தேன். போன சனிக்கிழமை இரண்டு தோழிகளோடு புறப்பட்டுப் போனாள். ஒருத்தி சிங்களப் பிள்ளை, மற்றவள் மாத்தளைப் பிள்ளை. மனைவி என்னை ஏசினாள். ஏசிக்கொண்டே பேத்தியின் பையிலே ஒரு தண்ணீர்ப் போத்தலையும் வைத்தாள்.

ஐந்து மணிக்கு மகள் தொலைபேசியில் வந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டாள். "நடந்து வாறாள்" என்றேன். "எங்கை போனவள்?" "ஒரு இடமும் இல்லை. சும்மா."

நெடுநேரம் சத்தமில்லை. ஏச்சு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எவ்விடத்தாலை வாறாள்?" என்றாள்.

வழியைச் சொன்னேன். வாவிக்கரை, அதற்கப்பால் இரட்டைப் பலாமரம் நின்ற ஒழுங்கை, பள்ளிக்கூட மதில், இடப்பக்கம் திரும்பினால் படலை வைத்த வீடு, அதற்குப் பின்னால் அடுத்த தெரு. தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். படலை வைத்த வீட்டுக்கு வந்தபோது மட்டும் இடைமறித்தாள்.

"அந்த ஒழுங்கையிலை இப்ப லைற் இருக்கோ அப்பா?"

"இருக்குப் பிள்ளை" என்றேன்.